மொட்டை மரமெல்லாம் பட்ட மரமா?

தில்லியில் ஜனவரி பிறந்தால் மூணு விஷயம் கண்டிப்பாக நடக்கும். கீசர் மக்கர் பண்ணும். ஊரிலிருந்து வருகிறவர்களின் ரயில் பனிமூட்டத்தில் மாட்டி ஏழெட்டு மணி நேரம் லேட்டாக வந்து சேரும். அப்புறம், கேமரா வைத்திருக்கிற நம்மாள் எவனாவது இலையில்லாத மரம் ஒன்றை அடியில் நின்று அண்ணாந்து எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றி, கீழே 'தனிமை' என்று பேர் வைப்பான். கொஞ்சம் இலக்கியம் படித்தவன் என்றால் 'வெறுமை'.

இந்த நம்மாள் பட்டியலில் முதல் பேர் அடியேனுடையதுதான். பொட்டி தட்டிப் பிழைக்க வடக்கே வந்து வருஷம் இருபதைத் தாண்டிவிட்டது. அதில் ஏழெட்டு வருஷம் இதே வேலையைத்தான் செய்தேன். என் பழைய ஹார்டு டிஸ்க்கில் 'தனிமை' என்ற பேரில் மட்டும் பதினோரு படம் கிடக்கிறது. ஆகவே இனி வரும் திட்டெல்லாம் முதலில் எனக்கு. மிச்சமிருந்தால் உங்களுக்கு.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்து மொட்டை மரத்தைப் படம் எடுத்தால் கலரிலேயே வையுங்கள். கறுப்பு வெள்ளையாக்குவதை ரசனை என்று சொல்லாதீர்கள். பத்துக்கு ஒன்பது தடவை அது சோம்பேறித்தனம். சில தடவை பொய். எங்கள் சொசைட்டியில் ஒரு தடவை அது ஒரு உயிரையே எடுக்கப் பார்த்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கிறது.

2012 ஜனவரியில் முதல் தடவையாக ஸ்ரீநகர் போனேன். ஆபீஸ் வேலை நாலு நாள், சொந்தச் செலவில் இன்னும் ரெண்டு நாள். சில்லாய் கலான் என்று அவர்கள் சொல்கிற நாற்பது நாள் கடுங்குளிர், டிசம்பர் 21-இல் தொடங்குவது, அப்போது நடுவாந்திரத்தில் இருந்தது. ஹஸ்ரத்பல் பக்கத்தில் நசீம் பாக் என்று முகலாயர் காலத்துச் சினார் தோப்பு ஒன்று இருக்கிறது. ஒரு இலை கிடையாது. ரெண்டு ஆள் கை கோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத அடிமரங்கள், மேலே வானத்தைக் கீறிக்கொண்டு போகிற கிளைகள். வாயைப் பிளந்துகொண்டு முன்னூறு படம் எடுத்தேன். திரும்பி வந்து ஒன்றைப் பொறுக்கி, கறுப்பு வெள்ளையாக்கி, பெரிய சைஸில் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் செய்து, அடுத்த லீவில் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். (கலர் லேபில் கறுப்பு வெள்ளை பிரிண்ட் கொடுத்தால் பாசி பிடித்த மாதிரி லேசான பச்சை ஏறி வரும். மூணு தடவை திருப்பிப் போடச் சொல்லிச் சண்டை பிடித்தேன். அது தனிக் கதை.)

அப்பாவுக்கு வயசு எழுபது. திருநெல்வேலிப் பக்கம், வாழையும் தென்னையும் வைத்தவர். படத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"ஏம்ல, இம்புட்டுத் தூரம் போயி பட்ட மரத்தையா புடிச்சுட்டு வந்த?"

"பட்டது இல்லப்பா. குளிருக்கு இலை கொட்டியிருக்கு. பங்குனியில துளுத்துரும்."

"அது உனக்கு எப்படித் தெரியும்? கீறிப் பாத்தியா?"

அம்மா அதற்குள் தீர்ப்பே சொல்லிவிட்டாள். "வெளக்கு வைக்கிற வீட்டுல பட்ட மரத்த மாட்டக் கூடாது, தம்பி. அங்கேயே கொண்டு போயிரு."

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கலை தெரியாத ஜனங்கள் என்று ரயிலில் புலம்பிக்கொண்டே வந்தேன். யோசித்துப் பார்த்தால் அவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். நம்ம ஊரில் பெரும்பாலான மரம் இலை உதிர்ப்பது வறட்சிக்கு, குளிருக்கு இல்லை. வேம்பு மாசி பங்குனியில் கொட்டும், கொட்டுகிற வேகத்திலேயே துளிர்த்தும் விடும். மார்கழியில் ஐப்பசி கார்த்திகை மழை குடித்து எல்லாம் பச்சையாக நிற்கும். அந்த நேரத்தில் ஒரு மரம் முழு மொட்டையாக நின்றால், அது பட்டுப்போன மரம்தான், விறகுக்குத்தான் ஆகும் என்று முடிவு கட்டுவார்கள். தூங்குகிற மரத்துக்கும் செத்த மரத்துக்கும் வித்தியாசம் சொல்ல வேண்டியது படம் எடுத்தவன் வேலை. அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியை, அதாவது நிறத்தை, நான்தான் அழித்துவிட்டுப் போயிருந்தேன்.

கோபம் ஆறின பிறகு ஒரு நாள் அந்த சினாரின் ஒரிஜினல் கலர் ஃபைலைத் திறந்து பார்த்தேன். சினார் பட்டை உரிகிற மரம். சாம்பல், வெண்ணெய் நிறம், இளம் பச்சை என்று திட்டுத் திட்டாக, ராணுவ உடுப்பு மாதிரி இருக்கும். கிளை நுனியில் போன வருஷத்து விதை உருண்டைகள் பழுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பின்னால் தூரத்தில் ஒரு வரிசை வில்லோ மரம். கிரிக்கெட் மட்டை செய்கிறார்களே, அந்தக் குடும்பம்தான். இலை ஒன்றுகூட இல்லை, ஆனால் இளங்குச்சிகள் அத்தனையும் மஞ்சளும் ஆரஞ்சுமாக, யாரோ தணல் போட்டு வைத்த மாதிரி. பனியில் விழுந்த நிழல் நீலம். என் கறுப்பு வெள்ளையில் இத்தனையும் சாம்பல். விதை உருண்டைகள் கரும்புள்ளிகள். சென்சார் தூசி என்று நினைத்து அதில் ரெண்டை நானே அழித்துவேறு வைத்திருக்கிறேன்!

இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. டிஜிட்டல் கேமராவின் சென்சார் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூணு வடிகட்டி வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறது. கறுப்பு வெள்ளையாக்கும்போது மூணையும் ஏதோ ஒரு விகிதத்தில் கூட்டி, ஒரே ஒரு வெளிச்ச அளவாகச் சுருக்குகிறோம். ஆரஞ்சுக் குச்சியும் சாம்பல் நிறப் பாப்லர் கிளையும் ஒரே அளவு வெளிச்சம் தந்தால் ரெண்டும் ஒரே சாம்பல்தான். உடனே ஒருத்தர் கை தூக்குவார்: "ஸ்லைடர் இருக்கே சார், ஆரஞ்சைத் தூக்கி நீலத்தை இறக்கினால் பிரிந்துவிடுமே?" பிரியும், ஒத்துக்கொள்கிறேன். ஒன்று வெளிர் சாம்பலாகும், இன்னொன்று கருஞ்சாம்பலாகும். ஆனால் வெளிர் சாம்பல் குச்சிக்குள் சாறு ஓடுகிறது, கருஞ்சாம்பல் குச்சி காய்ந்துவிட்டது என்று எந்த ஸ்லைடர் சொல்லும்?

நாம் ஏன் இதைச் செய்கிறோம் என்பதற்கு ஆளுக்கு ஆள் தத்துவம் வைத்திருக்கிறோம். என் அனுபவத்தில் காரணம் ரெண்டே ரெண்டு. பனியைக் கேமரா மீட்டர் சரியாகப் படிக்காது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டு, வெள்ளைப் பனியை இருட்டடித்துச் சாக்குப் பை நிறத்தில் கொடுக்கும். ஒன்றிலிருந்து ஒன்றேமுக்கால் ஸ்டாப் வரை கூட்டி வைத்து எடுக்க வேண்டும். நாம் வைப்பதில்லை, கை விரைத்துப் போயிருக்கும். அடுத்தது, நிழலில் எடுத்தால் படம் முழுக்க நீலம் ஏறிவிடும், ஒயிட் பேலன்ஸைத் திருத்த வேண்டும். அதையும் செய்வதில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் அழுக்கு நீலத்தில் சொதப்பியிருக்கும். ஒரு கிளிக்கில் கறுப்பு வெள்ளை ஆக்கினால் பிரச்சினை தீர்ந்தது. காண்ட்ராஸ்டை முறுக்கினால் கவிதையும் ஆச்சு. சொதப்பலுக்குப் போட்ட போர்வைக்குப் பேர் கலை.

இந்த இடத்தில் யாராவது ஆன்செல் ஆடம்ஸைக் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். வரட்டும். 1948-இல் யோசெமிட்டியில் பனிப்பொழிவில் அவர் எடுத்த ஓக் மரத்தைப் பார்த்து நானும் மயங்கினவன்தான். ஆனால் அந்த மனுஷர் வேலை செய்த விதம் என்ன? 1927-இல் ஹாஃப் டோம் மலையை எடுத்தபோது கையில் மிச்சமிருந்தது ரெண்டு கண்ணாடித் தகடு. ஒன்றை மஞ்சள் வடிகட்டி போட்டு எடுத்தார். மனசில் இருக்கிற கருவானம் அதில் வராது என்று தோன்றவே, கடைசித் தகட்டுக்குச் சிவப்பு வடிகட்டி மாட்டினார். எந்த நிறம் எந்தச் சாம்பலாக விழும் என்று பட்டனை அமுக்கும் முன்னாலேயே அவருக்குத் தெரியும். நிறத்தை அத்தனை உன்னிப்பாகப் பார்த்தவர் அவர். நாம் வீட்டில் ரஜாய்க்குள் உட்கார்ந்துகொண்டு, எடுத்த படம் தேறாதபோது ஆடம்ஸ் பேரைச் சொல்வது அவருக்கே அவமானம்.

அமெரிக்காக்காரரை மேற்கோள் காட்டுகிறவர்கள் நம்ம நாட்டு ரகுபீர் சிங்கை ஏனோ மறந்துவிடுகிறார்கள். ஜெய்ப்பூரில் 1942-இல் பிறந்தவர், 1999-இல் போய்ச் சேர்ந்தார். கறுப்பு வெள்ளைதான் உசந்த கலை, கலர் எல்லாம் விளம்பரக்காரன் வேலை என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில் பிடிவாதமாகக் கலரில் எடுத்தவர். காஷ்மீரைப் பற்றி 1983-இல் தனிப் புத்தகமே போட்டிருக்கிறார். சாகிறதுக்கு ஒரு வருஷம் முன்னால் வந்த 'ரிவர் ஆஃப் கலர்' புத்தகத்தில், இந்தியப் பார்வையே நிறத்தில் ஊறினது, கறுப்பு வெள்ளையின் சோகம் மேற்கத்திய மனசிலிருந்து வந்தது என்கிற ரீதியில் வாதாடுகிறார். முழுசாக ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. ரகு ராயின் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தால் ரகுபீர் கட்சி கொஞ்சம் ஆடும். ஆனால் 'தனிமை'க்காரர்கள் ஒரு தடவையாவது படித்துப் பார்க்கலாம். மார்கழியில் இட்லிப்பொடி வாசத்தோடு மூணு தமிழ்க் குடும்பம் சேர்ந்து நைனிடால் போய், கூட்டமாக நின்று எடுத்த மரத்துக்கு என்னய்யா தனிமை?

சரி, பொய் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

2016 நவம்பர் முதல் வாரம் ஞாபகம் இருக்கும். தீபாவளி முடிந்த கையோடு தில்லியைப் புகை மூடி, பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். அந்த வாரம் ஒரு நாள் காலையில் ரிட்ஜ் பக்கம் போனேன். அங்கே நிற்பதில் பாதி நம்ம ஊர் சீமைக்கருவேலம்தான், இங்கே அதை விலாயதி கீக்கர் என்பார்கள். புகைக்குள் ஒன்றன் பின் ஒன்றாக மங்கிக்கொண்டே போகிற மரங்கள். கலரில் பார்த்தால் படம் முழுக்கக் கழிவுநீர் மஞ்சள். பார்க்கவே குமட்டும். கறுப்பு வெள்ளையாக்கினேன். மாயாஜாலம்! மூடுபனிக் காடு, தூரத்தில் கரைகிற கிளைகள். நண்பர்கள் எல்லாம் "ஆஹா, லண்டன் மாதிரி இருக்கு" என்றார்கள்.

தங்கமணி எட்டிப் பார்த்தாள். பக்கத்து ரூமில் மகள் நெபுலைசர் மூடியை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஏழு வயசு அப்போது.

"இதுக்குப் பேரு மூடுபனியா?" என்றாள். அவ்வளவுதான். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

படத்தை அழித்தேன். கலர் மட்டும் இருக்கிறது. அழகாக இல்லை, இருக்கவும் வேண்டாம். இன்றைக்கும் ஒவ்வொரு நவம்பரிலும் டிசம்பரிலும் இந்த ஊர்ப் புகையைக் கறுப்பு வெள்ளையில் கவிதையாக்கி வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஊரில் இருக்கிற பாட்டிக்கு நீங்கள் அனுப்புவது பேரக்குழந்தை மூச்சு விடுகிற காற்றின் படம். மஞ்சளாகவே அனுப்புங்கள்.

இப்போது சொசைட்டி கதை. யமுனைக்குக் கிழக்கே, பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. பேர் வேண்டாம். பார்க்கிங் ஓரத்தில் ஒரு பெரிய சேமல் மரம். நம்ம முள்ளிலவு. இலவு காத்த கிளி என்கிறோமே, அந்த ஜாதிதான். மார்கழி தையில் இலையெல்லாம் கொட்டி முழு மொட்டையாகிவிடும். மொட்டு விட்டு, பிப்ரவரி கடைசி மார்ச்சில் உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச் செவேல் என்று பூக்கும். இலை வருவது அதற்கப்புறம்தான். மைனாவும் காக்காயும் குயிலும் தேன் குடிக்க வந்து அடிக்கிற கூத்தில் காலையில் தூங்க முடியாது. கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஆகாது. பூ பொத்துப் பொத்தென்று பானட்டில் விழும், மே மாதத்தில் பஞ்சு பறக்கும்.

2018 ஜனவரி கடைசியில் அதை எடுத்தேன். வழக்கம்போல் கறுப்பு வெள்ளை, கறுப்பை இழுக்கிற வரை இழுத்து, கிளையெல்லாம் மை தீட்டிய மாதிரி. சொசைட்டியின் 2019 காலண்டருக்குக் கேட்டார்கள், பெருமையாகக் கொடுத்தேன். ஜனவரி பக்கத்தில் போட்டு, கீழே இந்தியில் 'மௌன்' என்று தலைப்பு.

காலண்டர் மாட்டின அதே மாதம் கமிட்டி மீட்டிங்கில் ஒரு மனு வந்தது. தில்லியில் மரம் வெட்ட 1994-ஆம் வருஷச் சட்டப்படி வனத்துறையின் மர அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். அவருக்கு எழுதின விண்ணப்பம். 'இந்த மரம் இறந்துவிட்டது, வாகனங்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து.' ஆதாரமாகப் பின் குத்தியிருந்தது என் படம்! காலண்டர் பக்கத்தின் ஜெராக்ஸ். அதைப் பார்க்கிற யாரும் அந்த மரம் உயிரோடு இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். ஏழு வருஷம் முன்னால் அப்பா சொன்னது காதில் அப்படியே கேட்டது.

நல்ல வேளை, ரா ஃபைலை அழிக்காமல் வைத்திருந்தேன். கேமராவிலேயே மோனோ வைத்து ஜேபெக்காக மட்டும் எடுத்திருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். (இதைப் படிக்கிற சின்னப் பசங்களுக்கு: ரா எடுங்கள். கார்டு விலை இப்போது ஒன்றும் இல்லை.) ராத்திரியே கலரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிளைக்குக் கிளை பச்சையும் பழுப்புமாக நெல்லிக்காய் அளவில் மொட்டு. நூற்றுக்கணக்கில். என் 'மௌன'த்தில் அது அத்தனையும் கறுப்பு முடிச்சாகிக் கிளையோடு கிளையாக ஒட்டிப் போயிருந்தது.

பிரிண்ட் போட்டேன். போதாது என்று தோன்றியது. மறுநாள் காலையில் மாலியைப் பிடித்து, தொரட்டியால் ஒரு குச்சியை ஒடிக்கச் சொன்னேன். மகளிடம் கொடுத்து நகத்தால் கீற வைத்தேன். சாம்பல் தோலுக்கு அடியில் பச்சை, ஈரமாக. "தாத்தா டெஸ்ட்" என்று அவளே பேர் வைத்துவிட்டாள். குச்சியையும் படத்தையும் கொண்டுபோய்ச் செகரட்டரி மேசையில் வைத்தேன். அவர் குச்சியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆனா அதை எடுத்ததும் நீங்கதானே, சார்?" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை.

விண்ணப்பம் நின்றது. ஆனால் பார்க்கிங் பக்கத்துக் கிளைகளை மட்டும் 'டிரிம்' பண்ணுகிறோம் என்று ஒரு சனிக்கிழமை, நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, பாதி மரத்தைக் கழித்துவிட்டார்கள். அந்த மார்ச்சில் ஒரு பக்கம்தான் பூத்தது. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெட்டுக்காயம். அதையும் கலரில்தான் எடுத்து வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு அனுப்பினேன். போனில் கூப்பிட்டு, "வெட்டுன எடத்துல சாணியும் செம்மண்ணும் கொழச்சுப் பூசச் சொல்லுல" என்றார். மரம் பட்டதா என்று கேட்கவில்லை.

கறுப்பு வெள்ளையே கூடாதா என்று கேட்பீர்கள். பனி கொட்டுகிறபோது, வானமும் தரையும் ஒரே வெள்ளையாக, நடுவில் ஒற்றை மரம் நிற்கிறது. அப்போது நிறம் எங்கே இருக்கிறது, எடுத்துக் கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்த மாதிரிப் படம் கலரிலேயே முக்கால்வாசி கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். மீதி இருப்பது பட்டையில் ஒரு துளி பழுப்பு, ஒரு துளி பாசி. அதையும் ஏன் பிடுங்க வேண்டும்? அத்தனை குளிரில் நாம் பார்க்கப் போனதே அந்தத் துளியைத்தானே.

போன மாதம் கமிட்டியிலிருந்து ஆள் வந்திருந்தார். அடுத்த வருஷக் காலண்டருக்குச் சேமல் படம் வேண்டுமாம். கிளைகள் இப்போது வெட்டின பக்கமும் ஓரளவு வந்துவிட்டன. ஜனவரி வெயிலில் மொட்டோடு எடுத்த ஒன்றைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. கறுப்பு வெள்ளை ஆக்கித் தர முடியுமா? ஜனவரிக்கு எடுப்பா இருக்கும்" என்றார்.

முடியாது என்றுவிட்டேன். ஆகஸ்ட் பக்கத்தில் போடுகிறார்களாம். போடட்டும் :-)